பறக்காத கொக்கு

போன வெள்ளம் வடிந்து, தொலைந்த என் எருமை தானாகத் திரும்பி வந்த கிழமை அது. உப்புத்தண்ணிச் சேற்றில் வளரும் கண்டல்காடு பார்க்கப் போன தோணியில் கடைசியில் இருந்தேன். முன்னால் கமராவோடு இருந்த கொழும்புத் தம்பி, கம்பூன்றித் தோணி விட்ட பெண்ணிடம் சொன்னார்:

"அக்கா, ஒருக்காக் கை தட்டுங்க. கொக்கெல்லாம் எழும்பினா நல்ல படம் வரும்."

"தட்டமாட்டன் மனே. கூட்டில குஞ்சு கிடக்கு."

"காடென்ன உங்கட வீட்டுச் சொத்தா?"

"ஓம். சுனாமிக்குப் பிறகு இது வெறுஞ்சேறு. மகள் வயித்தில இருக்கக்குள்ள, இடுப்பளவு தண்ணியில நிண்டு நான் நட்டது. காட்டுக்கும் அவளுக்கும் ஒரே வயசு."

அவள் சத்தமில்லாமல் தோணியைக் கிட்டக் கொண்டுபோனாள். நாலு முழத்தில் ஒரு கொக்கு எங்களைப் பார்த்தபடியே நின்றது. தம்பி மூச்சடக்கிப் படம் எடுத்தார்.

"படத்தப் பாக்கிற ஆக்களிட்டச் சொல்லுங்க மனே, இது எங்களுக்குப் பயப்படாத கொக்கெண்டு."