தேன்பாறைக்குப் போகும் வழி

பேருந்தின் ஹார்ன் வாசலில் அலறியபோது எனக்கு முதலில் ரோஜாப் பாத்திகளின் நினைவுதான் வந்தது. சுற்றுலா வருகிறவர்கள் இறங்கியதும் படம் எடுத்துக்கொள்ளப் பாத்திக்குள் கால் வைத்துவிடுவார்கள். ஆர்ட்வின் பங்களாவில் பல வருடமாக நான்தான் தலைமை வழிகாட்டி, ஐயா. வெள்ளைக்காரத் துரை கட்டிய வீட்டையும், காட்டுக்குள் அவர் வெட்டிய நடைபாதைகளையும் சுற்றிக் காட்டுவது என் வேலை. பாத்தியைக் காப்பாற்றுவதும் அதில் சேர்த்திதான்.

ஹார்னுக்குப் பின்னால் பாட்டும் கைதட்டலும் கேட்டன. அவற்றுக்கு அடியில் ஒரு ரபான் மேளம் ஒலித்தது. அதைக் கேட்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. மூன்றாவது அடியைக் கொஞ்சம் தாமதித்து விழ வைக்கும் பழக்கம் ஒரு வீட்டாருக்குத்தான் உண்டு. அது என் வீடு.

வந்தது ஏதோ ஒரு கிராமத்து மரண உதவிச் சங்கம். டிக்கெட் கொடுக்கும் நந்தனி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"உள்ள வந்து மேளம் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஏன் தங்கச்சி, துரை எந்திரிச்சிடுவாரா?" என்றார் சங்கத் தலைவர்.

"எந்திரிச்சா உங்க சங்கத்துல சேர்த்துக்குங்க."

"அது முடியாதும்மா. செத்ததுக்கப்புறம் மெம்பராகுற வசதி நம்மகிட்ட இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ரபானைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக இறங்கியவன் மட்டும் சிரிக்கவில்லை. என் அண்ணன் சுமணதாச. முடி முழுக்க நரைத்திருந்தது. நேராக என்னிடம் வந்தான், கைகூப்பினான், தலை குனிந்தான்.

"வணக்கம், மாத்தயா" என்றான்.

கூடப் பிறந்தவன் என்னைப் பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோல மாத்தயா என்கிறான். என்னைக் கேலி செய்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

விவரமாகச் சொல்கிறேன். எங்களுடையது மேளம் அடிக்கும் சாதி. பேய் ஓட்டும் சடங்குக்கும் சாவுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள், வேலை முடிந்ததும் கொல்லைப்புறத்தில் சோறு போடுவார்கள். எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னாலே போதும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்காருவான். ஊரை விட்டு வந்ததும் முதல் வேலையாகப் பெயரை மாற்றினேன். லயனல் என்பது நானே வைத்துக்கொண்டது. அப்பா பள்ளி ஆசிரியர், வீட்டில் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் கமலினியைக் கல்யாணம் செய்தேன். அவள் வீட்டார் நிலபுலம் உள்ளவர்கள். அவர்களும் நம்பினார்கள். என் மகள் இஷாராவுக்கும் அப்படிப்பட்ட வீட்டில்தான் சம்பந்தம் முடிவாகியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்த நேரத்தில் அண்ணன் வந்து நின்றான்.

அது அவன் பெண் கட்டிப் போன ஊர்ச் சங்கம். அவனைத் தவிர என்னைத் தெரிந்தவர் யாரும் அதில் இல்லை. பங்களாவுக்குள் நுழைந்தபோது அவன் மட்டும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தான். துரையின் சாப்பாட்டு மேசையைப் பற்றி நான் பேசும்போது சுவரோரம் ஒதுங்கி நின்று கேட்டான். ஒவ்வொன்றும் எனக்குக் குத்திக் காட்டுவதாகவே பட்டது. எந்த நிமிடமும் வாயைத் திறக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். என் வார்த்தைகள் மட்டும் பழக்கத்தில் தாமாக வந்துகொண்டிருந்தன.

தேன்பாறைக்குப் போகும் மேல் பாதையில் அன்று காலைதான் ஜினபால பச்சைக் கிளை கட்டியிருந்தான். அவன் பாதைகளைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் மலையில் எழுதி வைத்த பலகையை யாரும் மதிப்பதில்லை. குறுக்கே பச்சைக் கிளை கட்டியிருந்தால் அதைத் தாண்ட மாட்டார்கள்.

"மாத்தயா, மலைத்தேனீ இறங்கியிருக்கு" என்று சொல்லியிருந்தான். "ஒவ்வொரு அடையும் கதவு அகலம். அந்தப் பக்கம் தும்மக்கூடத் தும்மிடாதீங்க."

சங்கத்தாரைச் சோற்றுப் பொட்டலங்களோடு அருவிப் பக்கம் அனுப்பி வைத்தேன். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. பிறகு மேல் பாதைக்குப் போய்க் கிளையை அவிழ்த்துப் புதருக்குள் வைத்தேன். திரும்பி வந்து, அருவியில் கை கழுவிக்கொண்டிருந்த அண்ணனின் காதருகில், "வா, ஒரு இடம் காட்டுறேன்" என்றேன்.

அவன் மறுபேச்சில்லாமல் வந்தான். கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை என்றான பிறகுதான் பேசினான்.

"சூட்டி, நல்லா இருக்கியாடா?"

கடைக்குட்டி என்று வீட்டில் எனக்கு வைத்த பெயர் அது.

"இருக்கேன்."

"தொப்பை போட்டுட்ட. இங்கிலீசெல்லாம் பேசுற. துரை வீட்டுக் கரண்டிக்குக்கூட அவ்வளவு கதை வச்சிருக்க, கேட்டுட்டு நிக்கிறேன், சிரிப்பு வந்திடுச்சு."

"மெதுவாப் பேசு."

"சரி, சரி." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மா போனப்ப பேப்பர்ல போட்டோம். நீ பார்த்தியோ என்னமோ."

"பார்க்கல."

பார்த்தேன், ஐயா.

தேன்பாறை அடிவாரத்தில் மூடுபனி கனமாக இருந்தது. மேலே பாறையின் வளைவில் தேனடைகள் தொங்கின. தெரியாதவர் கண்ணுக்கு ஈரம் படிந்த கறை என்றே தோன்றும். அண்ணனை அங்கிருந்த கல்லில் உட்காரச் சொன்னேன்.

"அப்பாவோட தாளத்தை ஒரு தடவை அடிச்சுக் காட்டு. இங்க நல்லா எதிரொலிக்கும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயா கேக்குற?"

"நான்தான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரபானை மடியில் வைத்தான். பெருவிரலால் தோலை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பனியில தொய்ஞ்சு போச்சு. சூடு காட்டாம அடிச்சா அப்பா எழுந்து வந்து அறைவார்."

சூடு காட்டுவான் என்று எனக்குத் தெரியும். தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றாமல் எங்கள் வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சிறு வயதில் அப்பாவுக்குச் சருகு பொறுக்கிக் கொடுத்தது நான்தான். அன்றும் நானே பொறுக்கினேன். காய்ந்ததோடு ஈரச் சருகும் சேர்த்தேன், புகை மேலே போய் அடையைக் கலைக்க வேண்டும் என்பதற்காக. தீப்பெட்டியையும் நானே கொடுத்தேன். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. பங்களா சமையலறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

"வளைவுல நின்னு கேக்குறேன். அங்கதான் நல்லா கேக்கும்" என்றேன்.

"போ, போ. தப்பா அடிச்சா சொல்லு."

வளைவுக்கு அப்பால் பாறை இடுக்கில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அதையும் கிளையை அவிழ்க்கப் போனபோதே கொண்டுவந்து வைத்திருந்தேன். அண்ணன் ரொட்டி வாட்டுவதுபோல ரபானைத் தீயின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினான். புகை பாறையோடு ஒட்டி மேலே ஏறியது. பிறகு அடிக்கத் தொடங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி அடித்தான். மேலே அந்தக் கறை அசைந்தது. ஒரு கூச்சல் போட்டிருந்தால் அவன் ஓடியிருப்பான். நான் போடவில்லை. அவன் ஒரு அடிகூடத் தப்பாக அடிக்கவில்லை, ஐயா. மூன்றாவது அடி ஒவ்வொரு முறையும் சரியாகத் தாமதித்தே விழுந்தது. பிறகு விழவில்லை.

இரைச்சல் அடங்கிய பிறகு தீயை மிதித்து அணைத்தேன். இறங்கி வந்து கிளையை இருந்த இடத்திலேயே கட்டினேன். அதன் பிறகுதான் ஆட்களைக் கூவி அழைத்தேன். கிளையைத் தாண்டிப் போய்விட்டார் என்றேன், எல்லோரும் நம்பினார்கள். கம்பளியோடு ஓடி அவனைத் தூக்கி வந்ததற்காக நந்தனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சம்பந்தி வீட்டார் மேளக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம் அவர்களுக்கு இலை போட்டிருந்தது. பரிமாறச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்ததும் சாப்பாட்டிலிருந்து எழுந்து நின்றார். நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. மற்றவர்கள் என் சாதியைச் சொல்லிச் சிரித்தபோது வந்த வெட்கத்தை இத்தனை காலம் சுமந்தேன். இது அதுவல்ல. இதை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அவன் வாயைத் திறந்திருந்தால் என் மகளின் வாழ்க்கை போயிருக்கும். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அவன் சாயங்காலம்வரை உயிரோடு இருந்தான். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. நான் கட்டிலருகில் நின்றேன். பேசிவிடுவானோ என்ற பயத்தில்தான் நின்றேன். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் வேண்டும் என்று தேடிய நர்ஸ், என்னைக் காட்டி அவனிடம் கேட்டாள், இவர் உங்களுக்கு என்ன உறவு என்று. அவன் ஒரு கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து என்னைப் பார்த்தான்.

"உறவெல்லாம் இல்ல, நோனா. அவர் பெரிய குடும்பத்து மனுஷர், என் பக்கத்துல நிக்க வச்சு அவர் பேரைக் கெடுக்காதீங்க, வீட்டுக்கு அனுப்பிடுங்க."