தட்டிக்குப் பின்னால் மூன்று

உட்காருங்கள். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டீர்கள்: சண்டை ரொம்பக் கஷ்டமாக இருக்குமா, நம்ம ஆள் செத்துப் போவானா? மற்ற இருவரும், என் மனைவியும் ஒரு நர்ஸும், வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, சாவகாசமாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருப்பீர்கள். உங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று நீங்கள் சொல்வீர்கள், பூதங்கள் என்ன செய்கின்றன என்று நான் சொல்வேன். அடி விழுந்ததா இல்லையா என்பதை இந்த இருபது முகப் பகடை முடிவு செய்யும். நீங்கள் உருட்டுவது மேசை நடுவில், எல்லார் கண்ணெதிரிலும். நான் உருட்டுவது இந்த அட்டைத் தட்டிக்குப் பின்னால். நான் சொல்கிற எண்தான் எண். இந்த மேசையில் எட்டிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

பூதங்கள் என் கைவேலை. பல்செட் செய்வது என் தொழில், மிச்சமாகும் பிளாஸ்டரை வீணாக்குவானேன். அந்தக் கல்பூதத்தின் வாயில் இருப்பது ஒரு தபால்காரருக்குப் பொருந்தாமல் திரும்பி வந்த கடைவாய்ப்பல்.

ஆரம்பத்தில், பெரிய பூதமாக விட்டால் சண்டை ஆபத்தாகிவிடும் என்று நினைத்தேன். சுத்தப் பேத்தல். மூன்று பேர் சுற்றி நின்று மொத்தினால் எவ்வளவு பெரிய பூதமும் பாவம்தான். அது ஒரு அடி கொடுப்பதற்குள் மூன்று அடி வாங்கிவிடும். கூடவே அரை டஜன் குட்டிப் பேய்களை அவிழ்த்து விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. சண்டைக்கு நடுவில் காயத்தை ஆற்றிக்கொள்ள விடாமல் துரத்தினால் இன்னும் விசேஷம்.

அப்படியிருந்தும் ஆறு வருடம் இங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. நான் சாக விடவில்லை, அதுதான் விஷயம். தட்டிக்குப் பின்னால் பதினெட்டு விழும், நான் முகத்தை இறுக்கிக்கொண்டு "ஆறு" என்பேன். தப்பித்தவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மூன்றாவது ஆள் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக், ஆட்டத்தில் கோடாரிக்காரன். வாய்த்துடுக்கு, ஆனால் தங்கமான பையன். எதற்கெடுத்தாலும் பகடையை உருட்டுவான். வாடகை வீட்டைக்கூட அப்படித்தான் பிடித்தான். ஒழுகுகிற வீடு, ஆனால் பகடை சொல்லிவிட்டதாம், இரண்டு வருடம் வாளியோடு குடித்தனம் நடத்தினான்.

போன வருடம் அவன் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார்கள். ஆபரேஷன் செய்தால் நிமிர்ந்துவிடலாம், தள்ளிப் போட்டால் சிக்கல். எங்களோடு ஆடும் நர்ஸ் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவனுக்கோ கத்தி என்றாலே நடுக்கம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்:

"இன்னிக்கு என் கோடாரிக்காரன் குகையிலேர்ந்து உசிரோட வெளிய வரட்டும், நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுறேன். செத்துட்டான்னா ஆபரேஷன் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது."

என் மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏங்க, அவன் சொன்னா செய்வான். இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் பார்த்து நடத்துங்க." கண் கலங்கியிருந்தது. பகடை சொல்வதை நான் எப்படி மாற்ற முடியும் என்று கேட்டேன். ஆறு வருடமாகச் செய்துவந்ததை அவளிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் ஆட்டத்தில் சுவாரசியம் போய்விடும்.

நாங்கள் திரும்பி வந்தபோது மச்சினன் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "கவலைய விடுங்க சிஸ்டர். மாமா நடத்துற ஆட்டத்துல வயசாகித்தான் சாக முடியும். அவர் பூதத்துக்குப் பல்லு மட்டும்தான் நெஜம்."

எல்லாரும் சிரித்தார்கள். சற்று முன் கண் கலங்கியவள்தான் அதிகம் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை அது, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

குகையில் குட்டிப் பேய்கள் ஆறு, கல்பூதம் ஒன்று. நன்றாகவே ஆடினார்கள். கடைசியில் பூதம் மட்டும் மிஞ்சியது. கோடாரிக்காரனுக்கு மிச்சமிருந்த உயிர் நான்கு புள்ளி, இன்னொரு அடி விழுந்தால் ஆள் காலி. பூதத்தின் அடி விழ எனக்குப் பதினான்குக்கு மேல் வேண்டும். உருட்டினேன். மச்சினன் வாய் நிறைய பிஸ்கட்டோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பத்தொன்பது" என்றேன்.

அவன் பிஸ்கட்டை மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு செத்துப்போன தன் ஆளின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நல்ல சண்டை மாமா" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அக்கா கெஞ்சினாள், நர்ஸ் திட்டினாள், நானும் என் பங்குக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நான்காம் மாதம், வேலைக்குக் கிளம்பும்போது ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை.

அழும்போதெல்லாம் என் மனைவி எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள். "உங்க மேல என்னங்க தப்பு, பகடை அப்படி விழுந்துச்சு."

விழுந்தது மூன்று. யாரிடமும் சொன்னதில்லை, நீங்கள் புதியவர், கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. ஆபத்தே இல்லாத ஆட்டத்தை யார் மதிப்பார்கள்? ஒரு தடவையாவது பூதத்தின் அடி விழுந்தால்தானே சண்டைக்கு மரியாதை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவர்கள்தான். தாளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆளுக்கு ஒரு பெயர் யோசியுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் வேண்டுமானால், அன்றைக்குப் பிறகு என் ஆட்டம் சுலபம் என்று யாரும் சொன்னதில்லை.