மூன்றாம் தொட்டி மூடியின் ரப்பர் வளையம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாக்குமூலத்தைக் காவல் நிலைய எழுத்தர்தான் கேட்டு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லச் சொல்ல, "சத்தமா பேசும்மா, காதுல விழல" என்று அவர் நான்கு முறை சொல்லிவிட்டு, கடைசியில் பேனாவையும் தாள்களையும் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குச் சிறு வயதிலிருந்தே குரல் எழும்பாது. எழுதினால் வரும். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்து நான்கு. வேதியியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா ஒரு தையல் கூடத்தில் பொத்தான் தைக்கிறார். அக்காவும் அவள் மகளும் எங்களோடு இருக்கிறார்கள். பெரிய சாலையில் உள்ள எண்ணெய் சேகரிப்பு நிலையத்தில் ஓராண்டு இரண்டு மாதமாகக் கசிவு ஆய்வாளராக வேலை செய்கிறேன். இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட இல்லை.

என் வேலை என்னவென்று காவல் ஆய்வாளர் ஐயா கேட்டதால் அதையும் எழுதுகிறேன். கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய் எங்கள் நிலையத்தில் நான்கு தொட்டிகளில் சேர்கிறது. எண்ணெயிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதைப் புகைபோலக் காட்டும் கேமரா ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாக, ஒவ்வொரு மூடியாகப் பார்த்து, கசிகிற இடத்தில் எண் போட்ட மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டி, அந்த எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். பதினைந்து நாளுக்குள் பராமரிப்புப் பிரிவு கசிவைச் சரிசெய்து சீட்டை எடுக்க வேண்டும். எத்தனை சீட்டு பாக்கி தொங்குகிறது என்பதை நிலைய வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் புரியாதது எதுவும் இல்லை என்றுதான் முதல் மாதம் நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், மூன்றாம் தொட்டியின் உச்சியில் உள்ள மூடியில் கசிவைக் கண்டேன். சோற்றுத் தட்டு அகலமுள்ள மூடி அது. அளவெடுப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து, உள்ளே நாடாவை இறக்கி, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். எல்லோரும் அவரை அளவு மாமா என்று கூப்பிடுவோம். அவர் ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வெடித்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. மாமா மூடியின் மேல் ஒரு செங்கல்லை வைத்திருந்தார். கேமராவில் பார்த்தபோது செங்கல்லைச் சுற்றி நாலா பக்கமும் ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. நான் சீட்டுக் கட்டினேன். எண் 417.

அதன் பிறகு நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது சீட்டு இல்லை. வளையம் அப்படியே இருந்தது. காற்றில் அறுந்திருக்கும் என்று நினைத்து, வேறு சீட்டைக் கம்பியால் கட்டினேன். அதுவும் போயிற்று. அதன் பிறகு பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன். அதுவும் போயிற்று. அதன் பிறகுதான் பராமரிப்பு மேலாளரின் சாவிக்கொத்தில் ஒரு சிறிய வெட்டுக்கருவி தொங்குவதைக் கவனித்தேன். தொழிலாளர்கள் அவரை ஜீரோ சார் என்பார்கள். அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து வாசல் பலகையில் 'நிலுவையில் உள்ள கசிவுகள்: 0' என்றே இருக்கிறது.

நான் அவர் அறைக்குப் போய், கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கியேம்மா, கை ஆடவே இல்ல" என்றார். சீட்டு எங்கே என்று கேட்டேன். "பதினஞ்சு நாளைக்கு மேல சீட்டு தொங்கினா எனக்கு மெமோ வரும். சீட்டு தொங்கினாத்தான கசிவு?" என்றார். ஆவி வந்துகொண்டே இருக்கிறதே என்றேன். "இந்த வெயிலுக்கு எல்லாம்தான் ஆவியாகுது. என் மண்டையும்தான் ஆவியாகுது. அதுக்கும் ஒரு சீட்டுக் கட்டிட்டுப் போ" என்றார். அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு கிடங்குக்குப் போய் வளையம் கேட்டேன். கிடங்குப் பொறுப்பாளரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணினியில் எண்ணை அடித்துப் பார்த்து, "இது சரி பண்ணியாச்சுன்னு இருக்கே" என்றார். சரி பண்ணவில்லை, நேற்றுகூடப் பார்த்தேன் என்றேன். "நீ பாத்தது எனக்கெதுக்குடி? இதுல முடிஞ்சதுன்னு இருக்கு. முடிஞ்ச கசிவுக்கு வளையம் குடுத்தா, ஆடிட்ல என் கழுத்துல மாட்டுவாங்க" என்றார். புதிய சீட்டுக் கட்டி, அந்த எண்ணைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். கோரிக்கைத் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும் என்றார். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது ஷிப்ட் பொறுப்பாளருடையது. மூன்றாவது மேலாளருடையது. தாள் மேலாளர் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் புதிய சீட்டும் அறுபட்டு, அந்த எண்ணும் முடிந்ததாகப் பதிவாகியிருந்தது.

இப்படி அந்த ஒரு மூடிக்கு மட்டும் பதினொரு சீட்டுக் கட்டினேன். பதினொன்றின் அடிக்கட்டைகளும் என் பையில் இருந்தன. இப்போது உங்கள் மேசையில் உள்ளன.

இடையில் தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வந்தது. கடிதம் 'தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு' அனுப்பப்பட்டதாக இருந்தது. உரிய அலுவலர் என்பது மேலாளர். அவர் மூன்றையும் ஒரே கவ்வியில் சேர்த்து என் மேசையில் வைத்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவிதானே, காற்றோடு போய்விடாதா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். போகாது. தொட்டியின் ஆவியும், எரிவாயுவை அழுத்தி அனுப்பும் எங்கள் கூடத்து இன்ஜின்களின் புகையும் கலந்து, அதன் மேல் வெயில் பட்டால், மதியத்தில் ஊரின் மேல் பழுப்பாக ஒரு மூட்டம் படியும். கண் எரியும், நெஞ்சு கரிக்கும். காலையில் இருக்காது. காலையில் வந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் பொய் சொல்வதுபோலத் தோன்றும். இன்ஜின்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. வெயிலையும் ஒன்றும் செய்ய முடியாது. மூடியை மூடலாம்.

எங்கள் நிலையத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. என் சொந்த அக்காவின் மகள் அங்கே இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி வாசலிலும் ஒரு பலகை உண்டு. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, மோசமானால் ஆரஞ்சு, மிக மோசமானால் சிவப்பு. எங்கள் பலகையில் பூஜ்ஜியம்; நேர் எதிர்ப் பலகையில் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் பேருந்துக்காகத் தினமும் நான் நிற்கிறேன்.

சென்ற மாதம் பள்ளியில் மதிய விளையாட்டு நேரத்தை நிறுத்திவிட்டார்கள். அன்று வீட்டில் அக்கா என்னைப் பார்த்து, "ஜன்னலச் சாத்திட்டு உள்ளயே உக்கார வெக்கிறாங்களாம். இவ மூணு நாளா பஃப் அடிக்காம தூங்கல. நீ அங்கதானடி வேல பாக்குற? படிச்ச படிப்புக்கு ஒரு மூடியக் கூடவா மூட முடியல?" என்றாள். அம்மா, "அவளை ஏன்டி கரிச்சுக் கொட்டுற? கம்பெனி மூடிய கம்பெனிக்காரன் மூடட்டும். இவளுக்கு வேல போச்சுன்னா?" என்றார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "அந்த வளையம் என்ன அளவு பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அளவு மாமாவிடம் சொல்லி மூடியின் அளவை எடுத்தேன். அந்த மூடி சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. அதனால் ஒரு தாளை மூடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வைத்து, விளிம்பைப் பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்தேன். லாரிகளுக்கு ரப்பர் வெட்டித் தரும் கடைக்கு அப்பா அந்த அச்சைக் கொண்டுபோய், எண்ணெய்க்குக் கரையாத ரப்பரில் வளையம் வெட்டி வாங்கி வந்தார். கடையில் அந்த ரகத்தில் இருந்த கடைசி ரப்பர் தாள் அது. அடுத்தது வர இரண்டு மாதமாகும் என்று கடைக்காரர் சொன்னதாக அப்பா சொன்னார்.

அதன் பிறகு, தொட்டியில் வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் கசிவுச் சீட்டின் எண்ணைக் கேட்டிருந்தது. பன்னிரண்டாவது சீட்டுக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அனுமதி இல்லாமல் செய்தேன். இது தவறு. இதை மறைக்கவில்லை.

இன்று காலை ஆறே முக்காலுக்கு நிலையத்துக்குள் போனேன். வெயில் ஏறாத நேரத்தில் ஆவி குறைவு என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். முகக்கவசம், இடுப்புப் பட்டை, ஆவி அளக்கும் கருவி மூன்றும் போட்டிருந்தேன். தொட்டியின் மேல் தனியாக ஏறக்கூடாது என்பது விதி. அதனால் அளவு மாமாவும் கவசம் போட்டுக்கொண்டு கூட வந்தார். செங்கல்லை எடுத்து வைத்தார். பழைய வளையம் மூடிக்கு அடியில் உள்ள பள்ளத்தில் ஒட்டிப்போயிருந்தது. மரத் துண்டால் சுரண்டிச் சுரண்டித் துண்டு துண்டாக எடுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். மாமா புதிய வளையத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் கொடுக்கவில்லை என்று எழுதும்படி வரும் வழியில் என்னிடம் சொன்னார். ஆனால் கீழே உண்மை என்று கையெழுத்திட வேண்டியிருப்பதால் அப்படி எழுத முடியவில்லை. கொடுத்தது அவர், கூப்பிட்டது நான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அந்த நேரத்தில் மேலாளர் கீழே வந்து நின்று, "ஏய், என்னம்மா பண்ற அங்க?" என்று கத்தினார். வளையம் மாட்டுகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மாமாதான் உரக்க, "வளையம் மாட்டுது சார், ரெண்டு நிமிஷம்!" என்றார். மேலாளர், "எந்தக் கசிவுக்கு? பலகையில ஒண்ணுமே இல்லியே!" என்றார். சொல்லிவிட்டு அவரே மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அதன் பிறகு காவலாளிகளைக் கூப்பிட்டு எங்களை இறக்கினார். அதன் பிறகு உங்கள் வண்டி வந்தது.

நான் நாசவேலை செய்ததாகவும், நிலையத்தின் பாகம் ஒன்றைப் பெயர்த்ததாகவும் புகாரில் இருக்கிறது. பெயர்த்தது உண்மை. பெயர்த்தது பழைய வளையம். யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. அக்கா திட்டினாள், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியது நான் பார்த்ததும், கேட்டதும், என் கையால் செய்ததும்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் மீது என்ன வழக்குப் போட்டாலும் வந்து நிற்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்களோ என்று கடைசிவரை வைத்துக்கொண்டேன். பழைய வளையம் முழுவதையும் நான் எடுத்துவிட்டேன். புதியதை வைப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். அதனால் இப்போது அந்த மூடிக்கு வெடித்த வளையம்கூட இல்லை; காலையில் இருந்ததைவிட நிலைமை மோசம். அதற்கு நானே பொறுப்பு. கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் மூன்றாவதாக 'கருப்பு ரப்பர் வளையம், ஒன்று' என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறீர்கள். சாட்சிக்கு அந்த அச்சுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் என்னையும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மேலாளரே மாட்டினாலும் சரி. நசுங்கிய பக்கத்தை வடக்கே பார்த்து வைத்து அழுத்தினால் போதும், இரண்டு நிமிட வேலை. இப்போது மணி பதினொன்றே முக்கால். பள்ளிக்கு எதிரே எங்கள் தொட்டிகளின் மேல் வெயில் ஒரு மணிக்கு உச்சத்துக்கு ஏறிவிடும்.

(கையெழுத்து)