ஹோஜாவின் கூரைக் கல்

இந்தப் பேரரசைக் காப்பாற்றக்கூடியது பெஞ்சு ஒன்றுதான், ஐயா. பீரங்கி அல்ல, ரயில் அல்ல. தரையில் உட்கார்ந்து படிக்கிறவன் ஆயுசுக்கும் தரையோடு தரையாகவே கிடப்பான்.

அதனால்தான் இஸ்தான்புல்லிலிருந்து ஒரு வண்டி பெஞ்சோடு இந்த மலையூருக்குக் கல்வி அதிகாரியாக வந்தேன். தகரக் கூரை, கண்ணாடி ஜன்னல், கரும்பலகை எல்லாம் வைத்துப் புதுப் பள்ளி கட்டினேன். பிள்ளைகள்தான் வரவில்லை. எல்லோரும் ஊர் ஓதல் வாத்தியார் துர்சுன் ஹோஜாவின் மண்கூரைப் பள்ளியில், பாயில் உட்கார்ந்து ஆடி ஆடி ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ஹோஜாமீது எனக்குப் பகை கிடையாது. அவர் வீட்டுக் காப்பி நன்றாக இருக்கும்.

இந்த ஊரில் மழை விட்டதும் ஆளாளுக்குக் கூரைமேல் ஏறி ஓர் உருளைக்கல்லை உருட்டுவார்கள். மண் இறுகினால் தண்ணீர் இறங்காதாம். வயது வந்த மனிதன் தன் வீட்டின் தலைமேல் கல்லைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆளுநர் வரும்போது பிள்ளைகள் வரிசையில் நின்று "பாதிஷா வாழ்க" சொல்ல மைதானம் சமமாக வேண்டியிருந்தது. ஹோஜாவின் கல்லை எடுத்துவரச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் அவருக்குக் கல் இரவல் தரப் பார்த்தார்கள். அது அரசாங்கத்தை எதிர்ப்பதாகும் என்று போலீஸைவிட்டுச் சொல்ல வைத்தேன்.

மழைக்காலத்தில் ஹோஜா என் வீட்டுக்கு வந்தார்.

"எஃபெந்தி, கல்லைக் குடுத்துடுங்க. கூரை தண்ணி குடிச்சுக் கெடக்கு, உத்தரம் முனகுது."

"மைதானம் இன்னும் சமமாகல, ஹோஜா."

"ஆளுநர் வந்துட்டுப் போயி ஒரு மாசமாச்சே. மைதானம் என்ன ரொட்டி மாவா, தேச்சுக்கிட்டே இருக்க?"

"பயமா இருந்தா பிள்ளைங்கள எங்கிட்ட அனுப்புங்க. எங்க கூரை தகரம்."

"அனுப்பிட்டு நான் யாருக்கு ஓதிக் குடுக்க? உங்க பெஞ்சுக்கா?"

முதல் பனியே பலமாக விழுந்தது. காலைப் பாடத்தின்போது ஹோஜாவின் கூரை இடிந்து இறங்கியது. ஹோஜா போய்ச்சேர்ந்தார், கூட ஒன்பது பிள்ளைகள். மிச்சப் பிள்ளைகள் அடுத்த வாரமே என்னிடம் சேர்ந்தார்கள். பெஞ்சுகள் நிரம்பிவிட்டதாக இஸ்தான்புல்லுக்கு எழுதினேன். பாராட்டு வந்தது.

கூரை விழும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நான் கல்வித் துறைக்காரன், கொத்தன் அல்ல. கல் உருட்டுவது மூடப்பழக்கம் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

என் முழங்கால் சேற்றைப் பொருட்படுத்தாதீர்கள். நான் குடியிருக்கும் வீடும் மண்கூரைதான். ஆளுநர் போன மறுநாளே கல்லை அங்கே ஏற்றிவிட்டேன். ஹோஜா வந்து கேட்டபோது அது எங்கள் இருவர் தலைக்கும் மேலே இருந்தது.

விசாரணை முடிந்ததென்றால் எழுந்துகொள்கிறேன். மழை விட்டுவிட்டது, வேலைக்காரன் ஓரங்களைச் சரியாக உருட்டுவதில்லை.