இசக்கிதுரை அடிக்காத கேசட்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை ராமசுப்பு அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தச்சநல்லூர்த் தமிழர்களே, வணக்கம்!

தம்பி ஸ்ரீராகவ் குழுவின் முதல் கேசட்டை, மெட்டல் என்னும் அதிரடி ராக் இசைக் கேசட்டை வாழ்த்த இந்த எலியேசரை அழைத்திருக்கிறார்கள். வயிறு எரிபவன் வாய் வாழ்த்துமா? ஆம், பொறாமைதான்! என் குழுவில் டிரம்ஸ் அடித்த இசக்கிதுரையை ஆசைகாட்டி அழைத்துப் போனவரல்லவா இவர்? சிரிக்காதீர்கள் ஐயா, பறிகொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

போன பங்குனியில் ஆழ்வார்குறிச்சியில் இவர்கள் கச்சேரி. ஒளிந்து நின்று கேட்டேன். கித்தார் கர்ஜிக்க, தாளம் தடம் மாறித் தடம் மாறித் தாவ, இசக்கிதுரை அடித்தான். அடித்தானா? இடித்தான்! கூட்டத்திலிருந்த நம்மூர்ச் சுடலைவடிவு அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது. திருநீறு பூசியும் மலையேறவில்லை. அவன் குச்சியைக் கீழே வைத்த பிறகே மலையேறியது. நான் வாசித்தபோதும் எழுந்தவர்கள் உண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நெருப்பை எதிர்பார்த்துத்தான் இந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். எங்கே இசக்கிதுரை? அட்டையில் சிரிக்கிறான், பாட்டில் காணோம்! டிக் டிக் என்று ஒரு ரிதம் மிஷின் தட்டிக்கொண்டிருக்கிறது. ஏனப்பா என்று ஸ்ரீராகவைக் கேட்டேன்.

"கேசட்டப் போட்ட வீட்டுல எல்லாம் சாமி வந்துட்டா யாருண்ணா பதில் சொல்லுதது? பயந்துதான் மிஷின வச்சோம்" என்றார்.

பயமா? பயந்தவருக்கு எதற்கு மெட்டல்? பறித்துப் போனீர்களே, பயன்படுத்தினீர்களா? எனக்கும் இல்லாமல், உங்களுக்கும் இல்லாமல், ஒரு மனிதனை அட்டைப்படம் ஆக்கிவிட்டீர்களே!

என்ன அக்கா? இதோ, சுடலைவடிவு அக்காவே எழுந்து சொல்கிறார்:

"அவன அடிக்கச் சொல்லுங்க தம்பி. வந்தா எனக்குத்தான வரும், நான் பாத்துக்கிடுதேன்!"

கேட்டீர்களா? இதற்குமேல் யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்? ஏலே இசக்கிதுரை, என்னிடமே திரும்பி வந்துவிடு என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்ல மாட்டேன். ஸ்ரீராகவின் கித்தார் என் கித்தாரைவிட நன்றாக இருக்கிறது. அதையும் சொல்லித் தொலைக்கிறேன். அவரோடே இரு. இன்னொரு கேசட் போடுங்கள். அதில் நீ அடி! நெல்லைச் சீமை முழுக்க அது ஒலிக்க வேண்டும். நான் ஒருவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டும்!

என் வயிற்றெரிச்சலைப் பொறுத்துக் கைதட்டிய உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.