எழுந்து நின்ற கிருமி

1. நேற்று மாலை மயிலாடும்பாறையில் தெருநாடகம் போட்டிருக்கிறார்கள்.
2. ஊர்ப் பால்காரர் கிருமி வேஷம் கட்டியிருக்கிறார். மாத்திரை வேஷம் கட்டியவர் அடிக்க அடிக்கச் சுருண்டு விழுந்திருக்கிறார்.
3. நாடகத்து நோயாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதும் கிருமி எழுந்துவிட்டார். அதன்பின் எந்த அடிக்கும் அசையவில்லை.

இன்று காலை தேனி பேருந்தில், என் முன்இருக்கைப் பெண்கள் இருவர் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டது இது.

"எந்திரிச்ச கிருமி என்னையவே பாத்துச்சு மதினி."

"பால்காரருக்கு நீ பாக்கி வச்சிருப்ப."

"வெளையாடாதீக. காலையில அவருதான் பால் ஊத்துனாக. நான் செம்பைத் திண்ணையில வச்சுட்டுத் தள்ளி நின்னுக்கிட்டேன். நேத்து என்னா நிமிந்து நின்னாக! ஊரே மூச்சு விடல."

"நெசந்தான். எனக்கும் மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. அதுக்காக அண்ணனை ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போறியாக்கும்?"

"எங்க வீட்டுக்காரவுக கால்புண்ணு காயவும் மாத்திரைய நாந்தான் நிறுத்துனேன். மிச்சத்தைச் சீக்கு ஆட்டுக்குக் கரைச்சு ஊத்திட்டேன். இப்ப மறுபடி சீ வைக்குது."

மதினி குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் எனக்குக் குடுத்ததுல நாலு மாத்திரையைக் கோழிக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்டி."

கட்டுப் போட்ட காலுடன் முன்னால் உட்கார்ந்திருந்தவரைக் கைத்தாங்கலாக இறக்கி, இருவரும் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கினார்கள். புண் ஆறவில்லை. எந்த மருந்துக்கு அது கேட்கும் என்பது சீழைச் சோதித்த பிறகுதான் தெரியும்.