விட்டுப்போன கீழ்பென்னாத்தூர்

கோதண்டராமன்: கதவ சாத்திட்டு வா, தமிழ்செல்வி. சனிக்கிழம பைக்குள்ள போட்டு எடுத்துக்கினு போனியே ஒரு சிடி... அதுல இன்னா இருக்கு?

தமிழ்செல்வி: நம்ம கண் முகாம் லிஸ்டுதான் சார்.

கோதண்டராமன்: மேனேஜர்னு நான் ஒருத்தன் இருக்கேன். என்னைக் கேக்காம...

தமிழ்செல்வி: கேட்டா குடுத்திருப்பீங்களா?

கோதண்டராமன்: வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. அந்த லிஸ்ட எக்ஸெல்லுல இருந்து ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு மாத்தினது யாரு?

தமிழ்செல்வி: நான்தான்.

கோதண்டராமன்: முகாம்ல பதிஞ்சவங்க எழுபதாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேரு. ஆக்சஸ்ல அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தஞ்சுதான் இருக்கு. கீழ்பென்னாத்தூர் ஆளு ஒருத்தர் பேரு கூட இல்ல. அங்க யாருக்கும் ஆபரேஷன் லெட்டர் போவல.

தமிழ்செல்வி: அது என் ஊரு சார். நானே அழிப்பேனா?

கோதண்டராமன்: உனக்கு நிச்சயம் பண்ணி நின்னு போச்சே... அந்த ஊருப் பையன்தானே?

தமிழ்செல்வி: வேணு மேல கோவம்னா வேணு பேர மட்டும் அழிச்சிருப்பேன். ஊரையே எதுக்கு சார்?

கோதண்டராமன்: அப்போ... ஆக்சஸ் ரொம்பிப் போச்சா?

தமிழ்செல்வி: அது ரெண்டு ஜிபி வரைக்கும் கொள்ளும். நம்ம லிஸ்டு அதுல ஒரு மூலைக்குக் கூட காணாது. நம்ம கிட்ட இருக்கற பழைய எக்ஸெல்லுதான் கொள்ளாது. ஒரு ஷீட்டுக்கு அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தாறு வரி. தலைப்புக்கு ஒண்ணு போனா...

கோதண்டராமன்: ...முப்பத்தஞ்சு.

தமிழ்செல்வி: பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த ஃபைல யாரோ எக்ஸெல்லுல திறந்திருக்காங்க. 'முழுசா ஏறல'ன்னு ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வந்திருக்கும். ஓகே அமுக்கிட்டு அப்படியே சேவ் பண்ணிட்டாங்க. கடைசில இருந்த ஊரு கழண்டுக்குச்சு. என் கைக்கு வந்ததே கொறை லிஸ்டு.

கோதண்டராமன்: யாரோன்னா... யாரு?

தமிழ்செல்வி: ஃபைல்ல தேதி இருக்கு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம. அன்னைக்கு நான் அடி அண்ணாமலை முகாம்ல இருந்தேன்.

கோதண்டராமன்: நம்ம கிளார்க்கு சக்கரவர்த்தி கிட்டயும் ஆபீஸ் சாவி இருக்கே.

தமிழ்செல்வி: அவரும் என்கூடதான் இருந்தாரு.

கோதண்டராமன்: அத வுடு. இப்போ விட்டுப்போன பேருக்கு இன்னா வழி?

தமிழ்செல்வி: பழைய ஃபைலு அந்த சிடில பத்திரமா இருக்கு சார். எக்ஸெல்லத் தொடாம நேரா ஆக்சஸ்ல ஏத்தினா, இன்னைக்கே எல்லாருக்கும் லெட்டர் அடிச்சிடலாம். காலைல கூட ஒரு அம்மா செவுத்தப் புடிச்சிக்கினு வந்து நின்னாங்க. ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு, லெட்டர் எப்போ வரும்னு...

கோதண்டராமன்: ஜோதியம்மாள்.

தமிழ்செல்வி: நீங்க அப்போ வரவே இல்லியே. நான் பேரும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோதண்டராமன்: அது எங்க அக்கா. கீழ்பென்னாத்தூர்லதான் கட்டிக் குடுத்தோம். மேனேஜர் ஆளுன்னு முன்னாடி வுட்டா நாலு பேரு பேசுவாங்க, வரிசைப்படி லெட்டர் வரும், இருன்னு நான்தான் சொல்லி வெச்சேன்... அந்த ஞாயித்துக்கிழம அந்தப் பொட்டி எனக்குத்தான் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிக்காமலே ஓகே அமுக்கிட்டேன்.